ஆன்லைனில் வந்த சைடு வீல்

தப்பா நினைக்காதீங்க சார். பஸ்ல பக்கத்துல உக்காந்தா கண்ணு போகத்தான் செய்யுது. போன்ல வீல் பாக்குறீங்கபோல. அலாய் வீலா? காருக்கா? கடையைவிட ஆன்லைன்ல மலிவுன்னு காட்டுதாக்கும். காட்டும், காட்டும். படத்துல எல்லா வீலும் மினுமினுன்னுதான் இருக்கும். வாங்காதீங்க.

அப்ப கடையில வாங்கவான்னு கேக்குறீங்க. கடையிலயும் வாங்காதீங்க. ரெண்டையும் பாத்தவன் சொல்றேன். அவன் ஒரு தினுசு, இவன் ஒரு தினுசு.

நான் சின்னாளபட்டி. இன்னாசி நெட் சென்டர்னு கேட்டா யாரு வேணா காட்டுவாங்க. ஜாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட், பரீட்சைக்கு அப்ளிகேஷன், எல்லாம் என் கையாலதான் போகுது. ஆன்லைன்னா என்னன்னு எனக்கு ஒருத்தன் சொல்லித்தர வேண்டியதில்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா இதைக் கேக்குறவனெல்லாம், 'சார், ஏமாந்துட்டீங்களே'ன்னு ஒரு மூஞ்சி வச்சுக்கறான். நான் ஏமாறலை. அவனுங்க அனுப்புனது தப்பு. ரெண்டும் வேற வேற.

காலைப் பாத்திருப்பீங்க. எடது கால், சின்ன வயசுல போலியோ. இரும்புப் பட்டை வச்ச ஷூவும் இந்தக் குச்சியும் இருந்தா எங்க வேணா போவேன். எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் பாக்குறவனுக்குத்தான். ஹோட்டலுக்குப் போனா சர்வர் என் வீட்டுக்காரியைப் பாத்து, "சார் என்ன சாப்பிடுவாரு?"ங்கறான். ஜவுளிக்கடையில, "சாருக்கு எந்தக் கலர் புடிக்கும் மேடம்?" டாக்டருக்குப் படிச்ச மனுஷன், அவரும் அவளைப் பாத்துத்தான் கேக்குறாரு, "இவருக்கு ராத்திரியில வலி இருக்கா?" வலி எனக்கு சார். கேள்வி அவளுக்கு. கால் போனா வாயும் சேந்து போயிருமா? சொல்லுங்க.

என் வீட்டுக்காரி பேரு ரெஜினா. திண்டுக்கல்ல ஒரு ஆஸ்பத்திரியில மருந்து கவுண்டர்ல வேலை. எங்க வீட்டுல ஒரு ஸ்கூட்டர் இருக்கு. வண்டி அவ பேர்ல இருக்கும், அது சும்மா ஒரு இதுக்கு. அவ வேலை பாக்குற இடத்துல லோன் சுலபமாக் கிடைச்சுது. தவணையும் அவ சம்பளத்துல பிடிச்சாங்க, அது வேற விஷயம். வண்டின்னா குடும்பத்துக்குத்தானே? அவதான் ஓட்டுவா. நான் பின்னாடி. கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, எங்க போனாலும் அவ முன்னாடி, நான் குச்சியை மடியில வச்சுக்கிட்டுப் பின்னாடி. இத்தனை வருஷமா நான் பாத்த ரோடு என்ன தெரியுமா? அவ முதுகும் அவ ஹெல்மெட்டும்தான். தெருவுல பயலுக சிரிப்பானுக. நேரா சிரிக்க மாட்டானுக. நாங்க தாண்டினப்புறம் சிரிப்பானுக.

அப்பத்தான் சைடு வீல் மாட்டலாம்னு முடிவு பண்ணேன். பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு சட்டம் குடுத்து, பக்கத்துக்கு ஒரு சின்ன வீல் மாட்டுவாங்க. வண்டி சாயாது. கால் ஊன வேண்டாம். எங்க மாற்றுத்திறனாளி சங்கத்துல ஒருத்தர் வண்டியில ஓட்டிப் பழகி லைசென்ஸும் வாங்கி வச்சிருக்கேன். இனிமே நான் முன்னாடி, அவ பின்னாடி. அவளுக்கும் ஓய்வுதானே? வேலை முடிஞ்சு அலுத்து வர்றவ, நிம்மதியா உக்காந்து வரலாம். அவ நல்லதையும் நினைச்சுத்தான் முடிவு பண்ணேன்.

பேகம்பூர்ல மனோ வீல்ஸ்னு ஒரு கடை. ஓனர் மனோகரன். பைக்குக்கு, காருக்கு எல்லாம் வீல் போடறவன், சைடு வீலும் போடுவான். நல்லாப் போடுவான்னு சங்கத்துல சொன்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ரெஜினாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். போய் எறங்கறோம், "வாங்க சார், வாங்க"ன்னு ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு ஓடியாறான். நான் கேட்டேனா ஸ்டூலு? சரி, உக்காந்தேன். இந்த வண்டிக்கு சைடு வீல் மாட்டணும்னு விஷயத்தைச் சொன்னேன். நான் சொல்றதையெல்லாம் கேட்டுட்டு, அந்தப் பக்கம் திரும்பி அவகிட்டப் பேச ஆரம்பிக்கிறான்.

"ஏம்மா, வண்டி உங்களுதா?"

"ஆமாண்ணே."

"தினம் நீங்கதான் ஓட்டுறீங்களா?"

"ஆமாண்ணே. டூட்டிக்குப் போக வர."

"சைடு வீல் போட்டுட்டா இப்ப ஓட்டுற மாதிரி ஓட்ட முடியாதும்மா. சந்துல நுழைய முடியாது. திருப்பத்துல சாய்க்க முடியாது. தினம் கழட்டி மாட்டுற சமாச்சாரமும் இல்ல. உங்களுக்குச் சம்மதந்தானா?"

பாத்தீங்களா? ஓட்டப்போறவன் நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். சம்மதம் அவகிட்டக் கேக்குறான்! "யோவ், கேள்வியை என்கிட்ட கேளுய்யா"ன்னேன். உடனே என்ன பண்றான், குனிஞ்சு, காது கேக்காத ஆளுகிட்டப் பேசற மாதிரி சத்தமா, நிறுத்தி நிறுத்தி, "சார்... நீங்க... உக்காந்திருங்க... அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்"ங்கறான். கடையில நின்ன நாலு பேரும் திரும்பிப் பாத்தானுக.

அவ ஏதோ, "அண்ணே, நான் வந்து..."ன்னு ஆரம்பிச்சா. "நீ சும்மா இரு"ன்னேன். "அவளுக்குச் சம்மதம். எழுதிக்கய்யா"ன்னேன்.

"அவங்களே சொல்லட்டுமே சார்"னான்.

அவ்வளவுதான். குச்சியை எடுத்தேன், ஸ்டூலைத் தள்ளிவிட்டேன், வந்துட்டேன். கடை வாசல்ல நின்னு நல்லாக் கேட்டுட்டுத்தான் வந்தேன். "உன்னை மாதிரி ஆளுங்க கடை வைக்கக் கூடாது. மனுஷனை மதிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா வியாபாரம்?"னு. அவ ஏதோ சொல்ல வந்தாளே, அது என்னன்னு கேக்குறீங்களா? தெரியாது. நான் கேக்கலை. அவளும் அப்புறம் சொல்லலை. பெருசா ஒண்ணும் இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். சும்மா சொல்லக் கூடாது சார், அந்த அரை மணி நேரம் இருக்கே, அது ஒரு சொகம். என்ன வண்டி? கேக்குது, சொல்றேன். எந்த வருஷம்? சொல்றேன். என்ன கலர்? சொல்றேன். முடிஞ்சுது. கால் எப்படிப் போச்சுன்னு கேக்கலை. உச்சுக் கொட்டலை. கூட யாரு வந்திருக்காங்கன்னு பாக்கலை. கடைசியில, 'நன்றி இன்னாசி, உங்கள் ஆர்டர் உறுதியானது'ன்னு வருது. என் பேரைச் சொல்லி! கடையில ஒருத்தன் கேட்டானா என் பேரை?

அப்பவும் ரெஜினா பக்கத்துல வந்து நின்னா. "ஏங்க, என் வண்டியில மாட்டுறதுக்கு முன்னாடி..."ன்னா.

"என் வண்டி, உன் வண்டின்னு என்ன பிரிச்சுப் பேசறே? குடும்பத்துல என்ன பேச்சு இது?"ன்னேன். போயிட்டா. அவ எப்பவுமே அப்படித்தான். பேச வருவா, போயிருவா. அழுத்தக்காரி.

பெட்டி வந்துச்சு. பிரிச்சா, வீல் நல்ல வீல்தான், பொய் சொல்லலை. ஆனா சட்டம் எங்க வண்டிக்குச் சேரலை. ஓட்டை ஒரு பக்கம் இருக்கு, போல்ட் போற இடம் ஒரு பக்கம் இருக்கு. பழைய மாடலுக்கு அடிச்சதை அனுப்பியிருக்கான் களவாணிப்பய. போன் போட்டேன். ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு அமுக்க வச்சே சாகடிச்சான். கடைசியில ஒரு பொண்ணு வந்து, சார், சார்னு தேனா ஒழுகுது. "சார், உங்க பக்கத்துல இருக்குற மெக்கானிக்கை வச்சு ஃபிட் பண்ணிக்கோங்க சார்." இதைச் சொல்றதுக்கு எதுக்கும்மா நீன்னு கேட்டேன். "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"ங்குது.

எங்க தெரு முக்குல குமரவேல்னு ஒரு மெக்கானிக். அவன்கிட்டக் குடுத்தேன். சட்டத்தைக் கொஞ்சம் அறுத்து, ஒரு துண்டு வச்சு வெல்டு அடிச்சு, எப்படியோ மாட்டுனான். மாட்டிட்டு, "அண்ணே, இப்போதைக்கு நிக்கும். ஆனா இந்த போல்ட் பத்தாது. இதுக்குன்னு நீள போல்ட் இருக்கு, பேகம்பூர்ல மனோ கடையில கிடைக்கும். ஒரு எட்டுப் போய் வாங்கிட்டு வந்துருங்க"ன்னான்.

"அந்தக் கடை பேரை என் முன்னாடி எடுக்காத"ன்னேன். பின்ன? அவன் கடை வாசல்ல அவ்வளவு பேசிட்டு வந்தவன், போல்ட் குடுய்யான்னு போய் நிக்க முடியுமா? உலகத்துல போல்ட் விக்குறவன் அவன் ஒருத்தன்தானா? இருக்கறதை நல்லா இறுக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அடுத்த திங்கக்கிழமை காலையில ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு நான் முன்னாடி உக்காந்தேன். ரெஜினா வாசப்படியில நின்னு பாக்குறா. "என்ன பாக்குறே, ஏறு. டூட்டிக்கு நேரமாகலையா?"ன்னேன். ஏறுனா. கிளப்புனேன்.

சார், அதை எப்படிச் சொல்றது உங்களுக்கு. நீங்க கார் ஓட்டுறவரு, உங்களுக்குப் புரியாது. எனக்கு முன்னாடி ஒரு ஆளும் இல்ல. காத்து நேரா மூஞ்சியில அடிக்குது. பால்காரர் எதுத்தாப்புல வர்றாரு, என்னைப் பாத்துக் கையைத் தூக்குறாரு. என்னை! இத்தனை நாளா அவளைப் பாத்துத் தூக்குன கை. நான் ஹாரன் அடிச்சேன். அடிக்க வேண்டிய தேவையே இல்ல, இருந்தாலும் அடிச்சேன். "எப்படி இருக்கு?"ன்னு பின்னாடி கேட்டேன். "பாத்துப் போங்க"ன்னா. அவளுக்கு ரசிக்கத் தெரியாது.

மெயின் ரோட்டுக்குத் திரும்புற எடம். வளைக்கிறேன், கீழ ஏதோ நொறுங்குற சத்தம். பாத்தா, எடது பக்கத்துல ஒரு வீல் எங்களை முந்திக்கிட்டுத் தனியாப் போகுது. யாரு வண்டி வீலுடா இதுன்னு ஒரு நொடி யோசிச்சேன் சார், நிசமா. அதுக்குள்ள வண்டி சாஞ்சிருச்சு.

விழுந்தோம். வேகம் இல்ல, அதனால பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா கூடுச்சு பாருங்க ஒரு கூட்டம்! எங்கேருந்துதான் வருவானுகளோ. நாலு பேர் என்னை அலாக்காத் தூக்குறானுக. ஒருத்தன் தண்ணி குடுக்குறான். ஒருத்தன் காலைத் தடவி, "ஐயோ, இந்தக் கால்ல அடிபட்டுருச்சே"ங்கறான். அது எப்பவும் அப்படித்தான்யா இருக்கும்னு சொன்னா கேட்டாத்தானே? ஒரு பெரிய மனுஷன், நரைச்ச மீசை, ரெஜினாகிட்டப் போய்க் கத்துறாரு. "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? இந்த மனுஷனை ஓட்ட விட்டுட்டு நீ பின்னாடி உக்காந்து வர்றே? ஏதாவது ஆகியிருந்தா?"

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. ஓட்டுனவன் நான், சாச்சவன் நான். என்னை ஒருத்தன் திட்டலை சார்! ஒரே ஒருத்தன், 'ஏன்யா, போல்ட்டைப் பாக்க மாட்டியா?'ன்னு என்னைப் பாத்துக் கேட்டிருந்தா மனசு ஆறியிருக்கும். திட்டுறதுக்குக்கூட என்னை மதிக்கலை. அந்த மீசைக்காரரோட நல்லாச் சண்டை போட்டேன். "என்னைத் திட்டுய்யா, ஓட்டுனது நான்"னேன். "பரவாயில்ல தம்பி, நீங்க உக்காருங்க"ங்கறாரு. பரவாயில்லையாம்! யாரு கேட்டா அவர் மன்னிப்பை?

ரெஜினா ரோட்டோரமா உக்காந்திருந்தா. வலது கையைத் துப்பட்டாவுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தா. கோவமா இருக்கான்னு நினைச்சேன். ஆட்டோ புடிச்சு ஏத்தும்போதுதான் ஆட்டோக்காரன் சொன்னான், "அக்கா கை வீங்கிருக்கே, மணிக்கட்டு முறிஞ்சிருக்கும்போல"ன்னு. முதல்லயே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? சொன்னாத்தானே தெரியும்?

மாவுக்கட்டு. வேலைக்கு லீவு. வீட்டு வேலையெல்லாம் நான்தான் பாத்தேன் சார். சோறு வடிச்சேன். தலை பின்னத்தான் வரலை. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து பின்னிவிட்டுச்சு. நான் சும்மா இருக்கலை. அந்தக் கம்பெனிக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு, ரெண்டு பக்கத்துக்கு எழுதுனேன். படிச்சா அவனுக்குத் தூக்கம் வராது. 'அன்பான வாடிக்கையாளரே, வருந்துகிறோம்'னு பதில் போட்டான். இன்னாசி போயிருச்சு. வாடிக்கையாளர் ஆயிட்டேன்.

அதையெல்லாம்கூட விடுங்க. இதைக் கேளுங்க. கட்டுப் பிரிச்சு, கை கொஞ்சம் தேறுனதும் ஒரு நாள், நான் சென்டர்ல இருக்கேன். வாசல்ல வண்டிச் சத்தம். எட்டிப் பாத்தா, ரெஜினா. ரெண்டே வீல். சைடு வீல் இல்ல, சட்டம் இல்ல, ஒண்ணும் இல்ல. பழைய மாதிரி. குமரவேலை வச்சு மிச்சத்தைக் கழட்டி, லோடு ஆட்டோவுல ஏத்தி, மனோ கடைக்கே கொண்டு போய்ச் சரி பண்ணி ஓட்டிக்கிட்டு வந்திருக்கா!

என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? கேக்கலை. வண்டி விஷயமா ஒரு முடிவு எடுக்குறோமே, வீட்டுல இன்னொரு ஆள் இருக்கே, அந்த ஆளுக்கும் ஒரு விருப்பம் இருக்குமே, கேக்கணும்னு தோணுமா, தோணாதா? நீங்களே சொல்லுங்க சார். இல்ல, பரவாயில்ல, சொல்லுங்க. ...என்ன சிரிக்கிறீங்க?

நானும் விடலை. கேட்டேன். "யாரைக் கேட்டுக் கழட்டுனே?"

"வண்டி என்னது"ன்னா. அவ்வளவுதான் பதில். சத்தம்கூடப் போடலை. கல்யாணம் ஆனதுலேருந்து அவ அப்படி ஒரு குரல்ல பேசி நான் கேட்டதில்ல.

அப்புறம் அவளே சொல்றா. "மனோண்ணன் கடையில ஒரு வண்டி நிக்குது. சைடு வீல் அவரே போட்டுக் குடுத்த வண்டி. அதை வச்சிருந்தவரு பையனோட மெட்ராஸுக்குப் போறாராம், விக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு. நல்லா இருக்கு. நான் உக்காந்து ஓட்டிப் பாத்தேன். உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கிக்கங்க. பிரேக்கைக் கைக்குத் தக்கபடி மாத்தித் தர்றாராம். நீங்க வந்து உக்காந்தாத்தான் அளவு எடுக்க முடியும்னாரு."

அவன் கடைக்கா? நானான்னேன். நாலு நாள் வீம்பா இருந்தேன். நேத்து ராத்திரி சாப்பிடும்போது, "சரி, காலையில நீ டூட்டிக்குப் போறப்ப ரெண்டு பேரும் போவோம்"னேன். பெரிய மனசு பண்ணித்தான் சொன்னேன்.

"நான் வரலை"ன்னா.

"ஏன்? போற வழிதானே?"

"நான் வந்தா என்கிட்டதான் பேசுவாங்க. அப்புறம் உங்களுக்குக் கோவம் வரும். நீங்களே போங்க."

"சரி, கடை வாசல்ல எறக்கியாவது விடு."

"பஸ் இருக்கு"ன்னா.

காலையில நான் சட்டை போட்டுக்கிட்டு இருக்கேன், அவ பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. போகும்போது திரும்பிக்கூடப் பாக்கலை. இல்ல, பாத்தா. பொய் சொல்லக் கூடாது. தெரு முக்குல வண்டியை நிறுத்தி ஒரு தடவை திரும்பிப் பாத்தா. நான்தான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

கடைக்குப் போன் போட்டேன். யாருன்னு சொல்லாமத்தான் பேசுனேன். அவன் குரலை வச்சே கண்டுபுடிச்சிட்டான். "இன்னாசி சாரா? வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்"னான். பேரு தெரிஞ்சு வச்சிருக்கான்! இவ சொல்லியிருப்பா. அன்னிக்குப் பேசுனதுக்கு ஏதாவது சொல்லுவான்னு பாத்தேன். ஒண்ணுமே சொல்லலை. அதுதான் சார் ஒரு மாதிரியா இருக்கு. திட்டிட்டா பதிலுக்குத் திட்டலாம். மரியாதையாப் பேசறவனை என்ன பண்றது?

இந்தா, பேகம்பூர் வரப்போகுது. நீங்க எங்க எறங்கணும்? பஸ் ஸ்டாண்டா? அவசர வேலையா? இல்ல, சும்மா கேட்டேன். கடை ஸ்டாப்புக்கு எதுத்தாப்புலதான், ரோட்டைத் தாண்டினா வந்துரும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல நின்னாப் போதும். கூட ஆள் இல்லாம நான் எங்கயும் போனதில்ல பாருங்க, அதனால சொல்றேன். பயம்னு நினைச்சுராதீங்க. பயமெல்லாம் ஒண்ணும் இல்ல.

வேணா ஒண்ணு பண்ணுங்க. உள்ள போனதும், இந்த மாதிரி, இன்னாசி வந்திருக்காருன்னு மட்டும் நீங்க சொல்லிருங்க. அந்த வண்டி என்ன நிலைமையில இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க. மத்ததை நான் பேசிக்கிறேன்.

கண்டக்டர்! நிறுத்துங்க, ரெண்டு பேர் எறங்கணும்!